மூன்றாவது சிவப்பு

கோமதிநாயகத்தை முதலில் திருப்பி அனுப்பிய இடத்தின் பெயர் நீலக்குடை.

ராயபுரத்தில் பழைய சரக்குக் கிடங்குகளையெல்லாம் மதுக்கூடங்களாகவும் நடனக்கூடங்களாகவும் மாற்றியிருந்த தெரு அது. வருஷம் 2057, இரவு எட்டரை மணி. வரிசையில் அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒவ்வொருவராக வாசலில் இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்து, ஒரு தட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, எதிரே திரையில் ஓடிய படத்தை ஐந்து விநாடி பார்த்தார்கள். மறுபக்கக் கதவு திறந்ததும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. அவரை அழைத்து வந்த அல்போன்சுக்கும் பச்சைதான்.

கோமதிநாயகம் தட்டின்மேல் கையை வைத்தார். படத்தில் ஓடும் ரயில். இரண்டு இளைஞர்கள். ஒருவன் மற்றவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். மற்றவன் குனிந்து அவன் நெற்றியில் முத்தமிட்டான். அவ்வளவுதான் படம். கோமதிநாயகத்துக்கு அடிவயிற்றில் எதுவோ புரண்டு தொண்டைவரை வந்து நின்றது. அதை விழுங்கினார். விழுங்கிப் பழக்கம் உண்டு.

விளக்கு சிவப்பாக எரிந்தது. அவர் நுழைந்த கதவே மறுபடி திறந்தது.

வாசலில் நின்ற பெண் அருகே வந்தாள். அகன்ற தோள், காதில் இயர்போன். சட்டையில் ரெஜினா என்று பெயர் தைத்திருந்தது. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கி வேணாம். இன்னொரு நாள் வாங்க" என்றாள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவன் தன் நண்பனின் கையைப் பிடித்து ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டதைக் கோமதிநாயகம் பார்த்தார்.

உள்ளே போயிருந்த அல்போன்ஸ் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். "கை வேர்த்திருக்கும்டா. புதுசா வர்றவங்களுக்குச் சில நேரம் இப்படி ஆகும். வா, தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வேற எடத்துக்குப் போலாம்."

கோமதிநாயகத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கியவர். மனைவி மங்கை இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. இருவரும் சண்டை போட்டதே கிடையாது என்று தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். சண்டை போடும் அளவுக்குக்கூட அவர்கள் நெருங்கியதில்லை என்பது மங்கைக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

அல்போன்சும் அவரும் தூத்துக்குடியில் பாலிடெக்னிக் படித்தபோது மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சென்னைக்குப் போய்விடுவது, ஒரே வீட்டில் இருப்பது, யார் என்ன சொன்னாலும் சரி என்று முடிவு செய்திருந்தார்கள். குறித்த நாளில் அல்போன்ஸ் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் காலையிலிருந்து இருட்டும்வரை பெட்டியோடு நின்றார். கோமதிநாயகம் வரவில்லை. அடுத்த வருஷம் அவருக்குக் கல்யாணம் என்று செய்தி மட்டும் வந்தது.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, மங்கை இறந்த செய்தி எப்படியோ தெரிந்து, அல்போன்ஸ்தான் போன் செய்தார். "இப்பவாவது ஒரு தடவ வந்துட்டுப் போயேன். நாங்க எப்படி இருக்கோம்னு பாக்க வேணாமா?" கோமதிநாயகம் வந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தபோது, எப்போது திரும்புவார் என்று அவர்கள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. திரும்பாமல் இருந்துவிடலாம் என்று ஓர் எண்ணம் அவருக்கு இருந்தது. அதை அல்போன்சிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றிரவு சொல்லலாம் என்றிருந்தார்.

தெருவில் நடந்தார்கள். கோமதிநாயகம் இப்படி ஓர் ஊரைப் பார்த்ததில்லை. ஒரு மாடியில் பாவாடை விரிய ஒருவர் சுழன்று ஆட, கீழே நின்றவர்கள் பேர் சொல்லிக் கத்தினார்கள். வேட்டி கட்டிய இரண்டு பேர் ஒரே ஐஸ்கிரீமை மாறி மாறித் தின்றுகொண்டு போனார்கள். ஒரு கடை வாசலில் அம்மாவும் மகனும் மகனின் காதலனும் உட்கார்ந்து கேரம் ஆடினார்கள். அந்த அம்மா சிவப்புக் காயைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கை தட்டிக்கொண்டாள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கோமதிநாயகம் மட்டும் எல்லாரையும் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வயிறு புரண்டது. ஒவ்வொரு தடவையும் விழுங்கினார்.

"அந்தக் கூண்டு என்னத்தலே பாக்கு?" என்று கேட்டார்.

"கண்மணி சுருங்குதா, மொகத்துல சூடு ஏறுதா, கை வேர்க்குதா, வயிறு இறுகுதா, எல்லாத்தையும் சேத்துப் பாக்கும்" என்றார் அல்போன்ஸ். "நீ யாரு, உனக்கு ஆம்பளையப் பிடிக்குமா பொம்பளையப் பிடிக்குமான்னு அது பாக்காது. பொண்ணுங்க வர்றாங்க, கல்யாணமான ஜோடி வருது, எல்லாருக்கும் பச்சதான். எங்களப் பாத்தா உனக்கு அருவருப்பு வருதான்னு மட்டும்தான் பாக்கும். வெறுக்கிறவன் உள்ள வரக்கூடாது. அவ்ளோதான்."

"நீ கண்டுபிடிச்சதா?"

"நான் மட்டும் இல்ல, எங்க கூட்டமைப்பு. ஆனா அதுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது நான்தான்." அல்போன்ஸ் ஒரு சுவரின் முன்னால் நின்றார். செங்கல்லில் நான்கு பெயர்கள் வெட்டியிருந்தன. இரண்டாவது பெயரின்மேல் விரலை வைத்தார். இம்தியாஸ். "எட்டு வருஷம் நானும் இவனும் ஒண்ணா இருந்தோம். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி மூணு பசங்க இதே எடத்துக்கு வந்தானுங்க. காசு குடுத்துக் குடிச்சானுங்க, ஒரு மணி நேரம் எங்களோட ஆடுனானுங்க. அப்புறம் பையிலேர்ந்து பெட்ரோல் பாட்டில எடுத்தானுங்க. நான் அன்னிக்கி வேலைக்குப் போயிருந்தேன்."

கோமதிநாயகத்துக்கு நண்பனின் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது. கையைத் தூக்கினார், மறுபடி கீழே போட்டார்.

"அதுக்கப்புறம் இந்த வாசல். பதினோரு வருஷத்துல ஒரு கீறல்கூட யாருக்கும் விழல" என்றார் அல்போன்ஸ்.

இரண்டாவது இடத்தின் பெயர் வெள்ளிமுடி. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. பழைய பாட்டுகள் மெதுவாகக் கேட்டன. ஜன்னல் வழியாகப் பார்த்தால், தலை நரைத்த ஆண்கள் இருவர் இருவராகக் கையைப் பிடித்துக்கொண்டு, நடப்பதா ஆடுவதா என்று சொல்ல முடியாத ஒரு வேகத்தில் அசைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மூட்டுவலிக்குப் பட்டை கட்டியிருந்தார். கோமதிநாயகம் ஜன்னலைவிட்டு நகரவில்லை. எங்கோ இப்படி ஓர் அறை இருக்கும் என்று பாளையங்கோட்டையில் படுத்திருந்த எத்தனையோ இரவுகளில் அவர் நினைத்ததுண்டு. நினைத்ததைவிட இந்த அறை சின்னதாக இருந்தது, ஆட்கள் இன்னும் சந்தோஷமாக இருந்தார்கள்.

இந்தக் கூண்டில் படம் வேறு. கட்டிலில் ஒரு கிழவர் மல்லாந்து படுத்திருக்க, இன்னொரு கிழவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறார். விட்டபின் தன் வேட்டி நுனியால் வழிந்ததைத் துடைக்கிறார். கோமதிநாயகம் அந்தப் படத்தை விரும்பினார். அந்தக் கட்டிலில் தானே படுத்திருப்பதாக ஒரு கணம் நினைத்தார். அந்தக் கணத்தில்தான் வயிறு முழுசாகப் புரண்டு வாய்வரை வந்துவிட்டது.

சிவப்பு.

வெள்ளிமுடியை நடத்தும் சபேசன் வெளியே வந்தார். எழுபது வயதிருக்கும், நெற்றியில் மெல்லிய திருநீறு. அவர் கோமதிநாயகத்திடம் பேசவே இல்லை. "அல்போன்ஸ், இது ரெண்டாவது சிவப்பு. பேர் எல்லா வாசலுக்கும் போயாச்சு. நீங்களே இப்பிடி ஒரு ஆளை இங்க கூட்டிண்டு வரலாமா? உள்ள இருக்கறவா எல்லாம் வயசானவா" என்றார்.

ஜன்னலருகே ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று வெளியே பார்த்தார்கள். பிறகு ஒருவர் திரையை இழுத்துவிட்டார்.

தெருமுனையில் ஆட்டுக்கால் சூப் விற்கும் வண்டி. அதன் பக்கத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. அல்போன்ஸ் இரண்டு கிளாஸ் சூப் வாங்கி ஒன்றைக் கோமதிநாயகத்திடம் கொடுத்தார். தன்னுடையதைக் கையில் வைத்திருந்தாரே தவிர குடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லணும்" என்றார். "எதுக்குடா வந்த?"

"என்னலே கேக்க?"

"எக்மோர்ல எறங்குனதும் நான் கட்டிப்பிடிக்க வந்தேன். நீ பெட்டிய முன்னால வச்சுக்கிட்ட. சாயங்காலத்துலேர்ந்து ஒரு தடவகூட என் கையத் தொடல. மொத சிவப்ப நான் நம்பல. ஒரே ராத்திரியில ரெண்டு தடவ தப்பு நடக்காது. எங்களப் பாத்தா உனக்குக் குமட்டுது. அதான உண்மை? அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுக்கு வராம போனதும் அதனாலதான?"

கோமதிநாயகம் கிளாஸைக் கீழே வைத்தார். முப்பத்திரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், கடைசியிலிருந்து ஆரம்பித்தார்.

"குமட்டுதது நெசந்தான். ஒன்னப் பாத்தாலும் குமட்டுது. ஒன்னப் பாத்தாத்தான் ரொம்பக் குமட்டுது." பிறகு சொன்னார். "நான் பொறப்படுததுக்கு மொத நாள் ராத்திரி எங்க மாமா என் போனப் பாத்துட்டாவ. விடியக்கால நாலு மணிக்குக் கார்ல ஏத்தி மலையடிவாரத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாவ. ஒம்பது வாரம் இருந்தேன்."

அல்போன்ஸ் கையிலிருந்த சூப்பைப் பெஞ்சில் வைத்தார்.

"ஒரு நாற்காலி. விரல்ல எல்லாம் வயரு, நெஞ்சுல ஒரு பட்டை, வயித்துல ஒண்ணு. முன்னால திரையில படம் போடுவாவ. ஆம்பளைங்க படம். ஒவ்வொரு படத்துக்கும் மணிக்கட்டுல கரண்டு. அது பத்தலன்னா ஒரு ஊசி. போட்டாக் கொடலே வெளிய வந்துரும் போல வாந்தி வரும். வாந்தி எடுக்க எடுக்கப் படம் ஓடிக்கிட்டே இருக்கும். என் போன்லேர்ந்து ஒன் போட்டோவயும் எடுத்துப் போட்டாவ. நாம முத்துநகர் பீச்சுல எடுத்தது. நீ பச்சச் சட்ட போட்டிருப்ப." நிறுத்தி மூச்சு வாங்கினார். "கடைசி வாரம் கரண்டும் இல்ல, ஊசியும் இல்ல. சும்மா ஒன் படத்த மட்டும் போட்டாவ. நான் வாந்தி எடுத்தேன். அங்க இருந்த அத்தன பேரும் கை தட்டுனாவ. தேறிட்டாரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு மாமாகிட்டச் சொன்னாவ."

"ஏன்டா என்கிட்டச் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? ஒன் பேர நெனச்சாலே வாந்தி வந்துச்சு. மனச அவனுவ தொடவே இல்லலே. அது அப்படியேதான் இருந்துச்சு. வயித்த மட்டும் மாத்திட்டானுவ."

அல்போன்ஸ் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். சூப் வண்டிக்காரர் இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பைக் கவனித்தார். சிறிது நேரம் கழித்து அல்போன்ஸ் கைகளை எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"எந்த மலையடிவாரம்?"

கோமதிநாயகம் ஊரைச் சொன்னார்.

அல்போன்ஸின் முகத்தில் இருந்த துக்கம் அப்படியே நின்று, அதற்கு அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. கோமதிநாயகம் முப்பது வருஷம் கம்பத்துக்குக் கம்பம் ஏறி எங்கே கோளாறு என்று பார்த்தவர். அவர் விடவில்லை.

"எதுக்குலே ஊர் பேர் கேட்ட?"

"ஒண்ணுமில்ல."

"அல்போன்சு."

அல்போன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மெஷினுக்கு வெறுப்புன்னா என்னன்னு கத்துக்குடுக்கணும். அதுக்கு வெறுக்கிற ஒடம்புங்க வேணும். ரெண்டு ஆம்பளையப் பாத்தா நெஜமாவே அருவருப்பு வர்ற ஒடம்போட பதிவு. வெறுக்கிறவன் எவன் வந்து எங்க முன்னாடி ஒக்காந்து வயர் மாட்டிக்குவான்? விளம்பரம் குடுத்துப் பாத்தோம், ஒருத்தனும் வரல. அப்ப ஒருத்தர் மூலமா பழைய பதிவுங்க கெடச்சுது. மூடிப்போன ஆஸ்பத்திரி ஒண்ணோடது. அறுபது பேர். விரல், நெஞ்சு, வயிறு, எல்லாம் அளந்து வச்சிருந்தாங்க. பேர் இல்ல, நம்பர் மட்டும். ஒவ்வொண்ணு மேலயும் 'கடும் வெறுப்பு உறுதி'ன்னு போட்டிருந்துச்சு."

"எந்த ஊரு ஆஸ்பத்திரி?"

"நீ இப்ப சொன்ன ஊர்தான்" என்றார் அல்போன்ஸ்.

கோமதிநாயகத்துக்கு முழுசாகப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கூண்டு அவரைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அதற்குத் தெரிந்த வெறுப்பு என்பதே அவர்தான். அவரும், பக்கத்து அறைகளிலிருந்து சத்தம் மட்டும் கேட்ட மற்ற பையன்களும்.

"அது யாரோட ஒடம்புன்னு நீ கேக்கலியா?"

"கேட்டேன். ஆராய்ச்சிக்குத் தானா வந்தவங்கன்னு சொன்னாங்க. அதுக்கு மேல கேக்கல." அல்போன்ஸின் குரல் உடைந்தது. "இம்தியாஸ் செத்து நாலு மாசம்டா. எனக்கு ஒரு வாசல் வேணும். அவ்ளோதான் அப்ப தெரிஞ்சுது."

"இதுவரைக்கும் எத்தன பேருக்குச் சிவப்பு போட்டிருக்கு?"

"ரெண்டாயிரம் இருக்கும்."

"அதுல எத்தன பேரு என்னப் போல?"

"தெரியல."

"அந்த மூணு பயலுவ ஒரு மணி நேரம் ஒங்களோட ஆடுனானுவன்னு சொன்னியே. அருவருப்பு இருந்தா ஆடுவானாலே? அவனுவ இன்னைக்கு வந்தா ஒன் வாசல் என்ன வெளக்கு போடும்?"

எதிரே இருந்த மாடியில் பாட்டு மாறியது. யாரோ கூச்சலிட்டுச் சிரித்தார்கள்.

"பச்ச போடலாம்" என்றார் அல்போன்ஸ் கடைசியில். "ஆனா அது அவனுங்களுக்குத் தெரியாதுல்ல? மாட்டிக்குவோம்னு பயந்துதான் பதினோரு வருஷமா எவனும் வரல. வாசல் குருடுன்னு வெளிய தெரிஞ்சா மறுநாளே பாட்டிலோட வருவானுங்க. அதனால" அவர் திரும்பி, முதல்முறையாகக் கோமதிநாயகத்தின் கண்ணைப் பார்த்தார், "இத யார்கிட்டயும் சொல்லாத கோமதி. உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

"உனக்கு நான் வழி பண்றேன்" என்று அல்போன்ஸ் அவசரமாகத் தொடர்ந்தார். "சிவப்பு வாங்கித் திருந்தணும்னு வர்றவங்களுக்காகப் பயிற்சி ஒண்ணு நடத்தறோம். பன்னெண்டு தடவ போகணும். வலியே இருக்காது. ஒரு நாற்காலி, முன்னாடி படம் காட்டுவாங்க, படம் வர்றப்ப ஒடம்புக்கு இதமா ஒரு மருந்து. மெதுவா மெதுவா வயிறு பழகிடும். நானே கூட வர்றேன்."

கோமதிநாயகம் சிரித்தார். சத்தமாக, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சூப் வண்டிக்காரரும் என்னவென்று தெரியாமலே புன்னகைத்தார்.

"இன்னொரு நாற்காலியா" என்றார். "அதுக்கு வேற வழி இல்லியா? எல்லாரயும் கூட்டிவச்சு நான் நடந்தத சொல்லுதேன். கேக்க மாட்டாவளா?"

"அப்படியெல்லாம் கூட்ட முடியாது. மூணாவது சிவப்பு விழுந்தாத்தான் கூட்டமைப்போட பொதுச் சபை கூடும். அங்க நீ பேசலாம். ஆனா அதுக்கு முன்னாடி உன் மொகம் இந்த ஊர்ல இருக்கற எல்லா வாசல்லயும் ஒட்டப்படும், எங்கள அழிக்க வந்தவன்னு. அத நீ தாங்க மாட்ட."

கோமதிநாயகம் எழுந்தார். அல்போன்ஸ் அவர் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"வேணாம்டா. யோசிச்சுப் பாரு. உள்ள ஆயிரம் பேர் நிம்மதியா ஆடிட்டு இருக்காங்க. அதுக்காக உன்ன மாதிரி கொஞ்சப் பேர் வெளிய நின்னா என்னடா இப்ப? நீதான் இத்தன வருஷம் வெளியவே இருந்து பழகிட்டியே."

சொன்னவுடன் அல்போன்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொல்லிவிட்டார். கோமதிநாயகம் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

தெருவின் கோடியில் கிடங்கு ஒன்பது. இருப்பதிலேயே பெரியது. இரும்புக் கதவுகளின் இடைவெளியில் ஊதாவும் ஆரஞ்சுமாக வெளிச்சம் கசிந்தது. பாட்டின் அதிர்வு தரை வழியாகச் செருப்புக்குள் ஏறியது. வரிசையில் கல்லூரிப் பையன்கள் முகத்தில் மினுமினுப்பைப் பூசிக்கொண்டு நின்றார்கள். "அங்கிள், உங்களுக்கும் கொஞ்சம் போடவா?" என்று ஒருவன் கேட்டான். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அல்போன்ஸ் நாலடி பின்னால் வந்தார். தடுக்கவும் இல்லை, போகவும் இல்லை.

வரிசை நகர்ந்தது. கோமதிநாயகம் சபையில் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்க முயன்றார். நாற்காலி, வயர், ஒன்பது வாரம். ஆனால் எதுவும் நிற்கவில்லை. அல்போன்ஸ் கடைசியாகச் சொன்னது மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டது. வெளியவே இருந்து பழகிட்டியே. முதலில் அது சுட்டது. பிறகு சுடுவது நின்றது. கூண்டின் கதவு அவருக்காகத் திறந்தபோது உள்ளே எல்லாம் ஆறிக் குளிர்ந்திருந்தது.

தட்டின்மேல் கையை வைத்தார். கை உலர்ந்திருந்தது.

படம் ஓடியது. ஒரு கல்யாண மண்டபம். மாலையும் கழுத்துமாக இரண்டு மாப்பிள்ளைகள், ஒருவர் வாயில் ஒருவர் பழத்தைத் திணித்துச் சிரிக்கிறார்கள். கோமதிநாயகம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நினைப்பு படத்தில் இல்லை. இந்த வாசல்கள் எல்லாம், இதைக் கட்டியவன், இதற்குள் அவன் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் சந்தோஷம், எல்லாம் ஒரே இரவில் பற்றி எரிந்து போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். கோபமாகக்கூட நினைக்கவில்லை. கம்பத்தில் எந்த ஃபியூஸைப் பிடுங்கினால் எந்தத் தெரு இருளும் என்று யோசிப்பதைப் போல, நிதானமாக நினைத்தார். அவருடைய வாழ்நாளில் இன்னொரு மனிதனைப் பற்றி அவர் அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை.

விளக்கு பச்சையாக எரிந்தது.

மறுபக்கக் கதவு திறந்தது. பாட்டும் வெளிச்சமும் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன. "வெல்கம் சார், உள்ள வாங்க" என்றான் வாசலில் நின்ற பையன்.

கோமதிநாயகம் நகரவில்லை. பின்னால் ஓட்டமாக ஓடிவரும் காலடி கேட்டது. அல்போன்ஸ் வரிசையைத் தாண்டி, தன் முறைக்குக் காத்திருக்காமல் பக்கக் கதவால் வந்து அவர் முன்னால் நின்றார். அவர் முகத்தில் இத்தனை நிம்மதியை அந்த இரவில் கோமதிநாயகம் பார்க்கவில்லை. கல்லூரி நாளில் பார்த்தது.

"பாத்தியா? பாத்தியாடா?" என்றார் அல்போன்ஸ். அழுதுகொண்டே சிரித்தார். "மனசுல இருந்ததக் கொட்டிட்டேல்ல, சரியாப் போச்சு. அது ஒண்ணும் குருடு இல்லடா. உன்னக் கண்டுபிடிச்சிருச்சு பாரு!"

சொல்லிக்கொண்டே அவர் கோமதிநாயகத்தின் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

உள்ளே ஆயிரம் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் தன் கையைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் கழித்து அல்போன்ஸ் அதைப் பிடித்திருந்தார். வயிறு புரளும் என்று காத்திருந்தார். புரளவில்லை. எதுவுமே வரவில்லை.